சாவி யார் கையில்? பல பண்பாட்டார் வாழும் துறவறக் குழுமத்தைக் கட்டும் வழி

ஐந்து நாடுகளிலிருந்து வந்த ஐந்து துறவியர் ஒரே கூரையின்கீழ் தங்கிவிட்டால் அங்கே குழுமம் உண்டாகிவிட்டது என்று பொருளில்லை. ஒரே மேசையில் உண்டு, திருப்புகழ்மாலை என்னும் அன்றாடப் பொதுச்செபத்தை ஒன்றாகச் சொல்லி, பத்து ஆண்டுகள் ஒருவரையொருவர் அறியாமலே வாழ்ந்துவிட முடியும். கத்தோலிக்க மறைபரப்புச் சபைகளில் அப்படிப்பட்ட இல்லங்கள் நிறைய உண்டு. உங்கள் இல்லம் எப்படி என்று தெரிந்துகொள்ளச் சில கேள்விகள் போதும். யாருடைய மொழியில் சிரிக்கிறீர்கள்? யாருடைய கடிகாரப்படி மணி அடிக்கிறது? பணப்பெட்டிச் சாவி யாரிடம் இருக்கிறது? வெளியே போக யார் அனுமதி கேட்கிறார், யார் சொல்லிவிட்டு மட்டும் போகிறார்? எல்லாக் கேள்விக்கும் ஒரே கூட்டத்தாரின் பெயரே விடையாக வந்தால், அவர்கள்தான் அந்த வீட்டின் வீட்டுக்காரர்கள். மற்றவர்கள் எத்தனை ஆண்டு இருந்தாலும் விருந்தாளிகள்தான்.

'புதிதாக வந்தவர் பழகிக்கொள்ளட்டும்' என்று விட்டுவிடுவதே வழக்கமான தவறு. வந்தவர் பழகிக்கொள்வார், பிறகு கரைந்துபோவார், அல்லது மனம் கசந்து ஊர் திரும்புவார். உள்ளே இருப்பவரும் இடம்பெயர வேண்டும். கீழே சொல்லப்படும் ஒவ்வொரு நடைமுறையும் அந்த இடப்பெயர்வுக்காகத்தான்.

முதல் திருச்சபை என்ன செய்தது

எருசலேம் திருச்சபையில் எழுந்த பூசல் பந்தியைப் பற்றியது. கிரேக்க மொழி பேசியவர்களின் கைம்பெண்கள் அன்றாடப் பகிர்வில் விடுபட்டுப்போனார்கள். அவர்களைச் சேர்ந்தவர்கள் முணுமுணுத்தார்கள் (திருத்தூதர் பணிகள் 6:1). திருத்தூதர்கள் பொறுமையைப் பற்றி மறையுரை ஆற்றவில்லை. ஏழு பேரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி, அந்தப் பொறுப்பையே ஒப்படைத்துவிட்டார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரக்கோர், நிக்கானோர், தீமோன், பர்மனா, நிக்கொலா: ஏழும் கிரேக்கப் பெயர்கள். நிக்கொலா யூதராகப் பிறந்தவர்கூட இல்லை. அந்தியோக்கியாவிலிருந்து வந்து யூத மறையைத் தழுவியவர். குறை சொன்ன தரப்பின் கைக்கே கரண்டி போயிற்று. எபிரேயக் கைம்பெண்களுக்கும் இனி அவர்கள்தான் பரிமாற வேண்டும். இதைவிடத் தெளிவான வழிகாட்டல் வேறு தேவையில்லை.

இதற்கு நேர்மாறான நிலைமையும் திருச்சபை வரலாற்றில் உண்டு. இயேசு சபையின் பார்வையாளராக, அதாவது இல்லங்களை ஆய்ந்து சீர்செய்யும் அதிகாரியாக, 1579-இல் ஜப்பான் சென்ற அலெசாண்ட்ரோ வாலிஞ்ஞானோ, அங்கே ஐரோப்பிய உறுப்பினருக்கும் ஜப்பானிய உறுப்பினருக்கும் நடுவே கசப்பு மண்டியிருந்ததைக் கண்டார். அப்போதைய தலைவர் பிரான்சிஸ்கோ கப்ரால் ஜப்பானியரைக் கீழாகவே நடத்திவந்தவர். வாலிஞ்ஞானோ தலைமையை மாற்றினார். ஐரோப்பியர்தான் மொழி கற்க வேண்டும், அந்நாட்டு முறைப்படி உட்காரவும் உண்ணவும் வணங்கவும் பழக வேண்டும் என்று வகுத்து, 1581-இல் அதற்கென ஒரு நடத்தைக் கையேட்டையே எழுதினார். அறிவுரையோடு அவர் நிற்கவில்லை. பதவி, மொழி, மேசை மூன்றையும் தொட்டார்.

யாரை யாரோடு வைப்பது

தோல்விகளில் பெரும்பாலானவை இல்லத்தில் தொடங்குவதில்லை. பணிநியமனப் பட்டியல் எழுதும் மாநிலத் தலைவரின் (மாநிலம் என்பது சபையின் ஒரு வட்டாரப் பிரிவு) மேசையில் தொடங்குகின்றன.

நான்கு முதல் ஏழு பேர் கொண்ட குழுமமே நன்றாக நடக்கும். மூவர் மட்டும் என்றால் இருவர் ஒரு பக்கம், ஒருவர் தனி என்ற நிலை விரைவில் வந்துவிடும். எந்தப் பண்பாட்டாரும் பாதிக்கு மேல் இருக்கலாகாது. மூன்றுக்கு மூன்று என்று சரிபாதியாகப் பிரிக்கவும் வேண்டாம். அது சமநிலைபோலத் தோன்றும். நடைமுறையில் இரண்டு கட்சிகளாகிவிடும், ஒவ்வொரு முடிவும் வெற்றி தோல்வியாகிவிடும். மூன்று நான்கு பண்பாடுகள் கலந்து, எவருக்கும் பெரும்பான்மை இல்லாத அமைப்பே நல்லது.

அந்த மண்ணைச் சேர்ந்த ஒருவராவது குழுமத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இல்லம் தீவாகிவிடும். ஆனால் மண்ணின் மைந்தர் என்ற ஒரே காரணத்துக்காக அவரைத் தலைவராகவும் பொருளாளராகவும் ஆக்கிவிடாதீர்கள். ஊரும் அவருடையது, பணமும் அவர் கையில் என்றால் மற்றவர்களுக்கு என்ன மிச்சம்?

ஒரு பண்பாட்டிலிருந்து ஒரே ஒருவரை, அதுவும் அவருடைய முதல் வெளிநாட்டு நியமனத்திலேயே, தனியாக அனுப்புவதைத் தவிர்க்கவும். தவிர்க்க முடியாதென்றால் அவருடைய தாய்மொழி பேசும் இன்னொருவர் ஒருநாள் பயணத் தொலைவிலாவது இருக்க வேண்டும். மாதம் ஒருமுறை அங்கே போய்வர, கேட்காமலே பயணச் செலவு தரப்பட வேண்டும். குழுமத்தில் ஒருவராவது தம் பண்பாட்டுக்கு வெளியே மூன்று ஆண்டுகளாவது வாழ்ந்தவராக இருப்பது பெரிய பலம். அந்நியராக இருப்பது எப்படியிருக்கும் என்று அவருக்குத்தான் தெரியும்.

ஒரே கடவுச்சீட்டு என்பதால் ஒரே பண்பாடு என்று எண்ணிவிட வேண்டாம். ஒரே நாட்டின் இருவருக்கு நடுவே மொழி, இனம், வர்க்கம், போர் நினைவு எல்லாம் நிற்கலாம். பொதுத் தலைமையகத்தின் வரைபடத்தில் ஒரே நிறமாகத் தெரிவது, அந்த இருவருக்கும் அப்படித் தெரியாது. நியமனத்துக்கு முன் இருவரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள்.

சொந்த மாநிலத்தில் சிக்கலான ஒருவரை 'காற்று மாறினால் சரியாகிவிடும்' என்று அனுப்பவே கூடாது. மொழியும் துணையும் இல்லாத இடத்தில் பழைய புண் பெரிதாகும். அவர் செய்யும் ஒவ்வொரு தவறும் அவருடைய நாட்டின் கணக்கில் எழுதப்படும். அடுத்து அதே நாட்டிலிருந்து வருபவரும் அந்தக் கடனைச் சுமப்பார்.

நியமனக் காலம் குறைந்தது ஆறு ஆண்டு இருக்கட்டும். முதல் இரண்டு ஆண்டுகள் மொழிக்கும் புரிதலுக்கும் போய்விடும். மூன்றாம் ஆண்டில் மாற்றிவிட்டால் நாற்று நட்டதோடு சரி. ஒரே ஆண்டில் குழுமத்தின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மாற்றவும் வேண்டாம்.

வரும் முன்னும் முதல் நூறு நாளும்

விசா வேலை ஒருபுறம் நடக்கட்டும். குறைந்தது ஆறு மாதத்துக்கு முன்பே இல்லத்திலிருந்து புதியவருக்கு ஒரு கடிதம் போக வேண்டும். தலைவர் மட்டும் எழுதாமல் ஒவ்வொருவரும் சில வரி எழுதுங்கள். தட்பவெப்பம், நாளின் நேர ஒழுங்கு, தனியறை உண்டா, கழிவறை பொதுவானதா, மாதச் செலவுக்கு எவ்வளவு தரப்படும், வீட்டுக்கு எப்போது பேசலாம், மருத்துவ வசதி, வழக்கமான உடை என எல்லாம் அதில் இருக்கட்டும். அவருடைய பெயரைச் சரியாகச் சொல்வது எப்படி என்று கேட்டு, குரல்பதிவு வாங்கி, எல்லோரும் பழகுங்கள். வாயில் நுழையவில்லை என்று பெயரைச் சுருக்கிப் புதுப்பெயர் வைப்பது, அன்போடு செய்தாலும், ஒருவரைச் சிறிதாக்கும் முதல் செயல்.

பலர் மறந்துவிடும் வேலை ஒன்று: வரவேற்கும் இல்லத்துக்கும் தயாரிப்பு வேண்டும். புதியவர் வருமுன் மூன்று அமர்வுகளாவது நடத்துங்கள். 'அவர் வந்தால் நம் வீட்டில் எதை மாற்ற ஆயத்தமாக இருக்கிறோம்?' என்பதே அங்கு கேள்வி. எதையும் மாற்ற ஆயத்தமில்லை என்பது விடையானால் ஆளை வரவழைக்காதீர்கள்.

வந்த அன்றே தலைவாசல் சாவி, அறைச் சாவி, இணையக் கடவுச்சொல், கைச்செலவுப் பணம், வீட்டு வரைபடம் ஆகியவற்றைக் கையில் கொடுங்கள். சாவி சிறிய பொருள்தான். ஆனால் வெளியே போய்த் திரும்பியபோது மணியடித்துக் காத்து நிற்பவர் விருந்தாளி. தாமே திறந்து நுழைபவர் வீட்டார்.

முதல் நூறு நாள் எந்தப் பணிப்பொறுப்பும் வேண்டாம். மொழி, ஊர், மக்கள், இல்லம் இவைதான் வேலை. ஆள் பற்றாக்குறையால் இரண்டாம் வாரமே பங்குக் கோவிலிலோ பள்ளியிலோ நுழைத்துவிடுவது நிறைய இடங்களில் நடக்கிறது. அப்படி நுழைந்தவர் அரைகுறை மொழியோடே காலம் முழுவதும் நின்றுவிடுகிறார். துணையாக ஒருவரை நியமியுங்கள். அவர் தலைவராக இருக்கக் கூடாது. முடிந்தால் அவரும் வெளியிலிருந்து வந்தவராக இருக்கட்டும். வாரம் ஒரு மணி நேரம் இருவரும் நடந்தபடி பேசட்டும்.

மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் பலருக்கு ஒரு சரிவு வரும். 1960-இல் மானுடவியலாளர் கலெர்வோ ஓபர்க் விவரித்த பண்பாட்டு அதிர்ச்சி இதுதான். தொடக்கப் பரவசம் வடிந்துவிடும். தூக்கம் கெடும், சிறு விஷயத்துக்கும் எரிச்சல் வரும், கைப்பேசியில் தாய்நாட்டுச் செய்தியே கதியாகும், விட்டுவந்த இல்லம் சொர்க்கமாகத் தெரியும். இதைத் துறவற அழைத்தலிலேயே வந்த நெருக்கடி என்று எண்ணிவிடாதீர்கள். இந்தக் காலத்தில் இடமாற்றத்தையோ வார்த்தைப்பாட்டையோ (துறவற வாக்குறுதி) பற்றி எந்த முடிவும் எடுக்க வேண்டாம் என்று அவருக்கும் தலைவருக்கும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். பெயர் தெரிந்த நோய் பாதி பயத்தைக் குறைக்கும்.

மொழிக்கு எத்தனை மணி நேரம்

அமெரிக்க வெளியுறவுத் துறையின் மொழிப் பயிற்சி நிலையம் ஆங்கிலம் பேசுவோருக்கு நீண்டகாலம் கையாண்ட கணக்கு நல்ல அளவுகோல். பிரெஞ்சு, ஸ்பானியம் போன்றவற்றில் தொழில்முறைத் தேர்ச்சி பெற ஏறத்தாழ 600 முதல் 750 வகுப்பு மணி வேண்டும். ரஷ்யன், தமிழ் போன்றவற்றுக்கு 1100. அரபு, சீனம், ஜப்பானியம், கொரியனுக்கு 2200. நாளுக்கு ஐந்து மணி நேர வகுப்பு, வாரம் ஐந்து நாள் என்று வைத்தாலும் 1100 மணிக்கு 44 வாரம் ஆகும். 'ஆறு மாதம் மொழி, பிறகு பணி' என்ற வழக்கம் எந்தக் கணக்கில் வந்தது என்று கேட்டுப்பார்க்க வேண்டிய நேரம் இது. மக்கள் மொழிக்கு முழு ஓராண்டு, கடினமான மொழியானால் இரண்டு ஆண்டு ஒதுக்குங்கள்.

இல்ல மொழி எது என்பதை எழுத்தில் முடிவு செய்யுங்கள். மேசையிலும் கூட்டத்திலும் அந்த மொழி மட்டுமே. தாய்மொழியில் பேச மற்ற எல்லா இடமும் உண்டு. அது உரிமை, அதைத் தடுக்கவும் கூடாது. ஆனால் மூன்றாமவர் நுழைந்தால் உடனே இல்ல மொழிக்கு மாறிவிட வேண்டும். இல்ல மொழி ஒருவருக்குத் தாய்மொழியாக இருந்தால் பாரம் அவர்மீது: மெதுவாகப் பேச வேண்டும், மரபுத்தொடர்களைக் குறைக்க வேண்டும், மற்றவரின் வாக்கியத்தை முடித்துவைக்கக் கூடாது, உச்சரிப்பைக் கேட்டுச் சிரிக்கவே கூடாது. அவரும் குழுமத்தினர் ஒருவரின் மொழியில் நூறு சொல்லாவது கற்றுக்கொள்ளட்டும். திணறுவது எப்படி இருக்கும் என்று அப்போது தெரியும்.

மூன்று நாள் அமர்வு

புதிய அமைப்பு உருவான மூன்றாம் அல்லது நான்காம் மாதத்தில், பணியிடத்தை விட்டு வெளியே, வெளியாள் ஒருவர் வழிநடத்த, மூன்று நாள் ஒதுக்குங்கள். முதல் நாள் வாழ்க்கைக் கதை. ஆளுக்கு முக்கால் மணி நேரம். இடையில் கேள்வி இல்லை, அறிவுரை இல்லை. 'உங்கள் பண்பாட்டைப் பற்றிச் சொல்லுங்கள்' என்று கேட்டால் சுற்றுலாக் கையேடுதான் கிடைக்கும். கேள்வி கூர்மையாக இருக்க வேண்டும்: சிறுவயதில் எதற்காக அதிகம் திட்டு வாங்கினீர்கள்? வீட்டில் கோபத்தை எப்படிக் காட்டினார்கள்? பெரியவர் தவறு செய்தால் யார், எப்படிச் சொல்வார்கள்? நோயாளியைத் தனியே விடுவது மரியாதையா, கூட இருப்பது மரியாதையா? பணம் கேட்பது அவமானமா, கேட்காமல் இருப்பது அவமானமா? வாய்பேசாமல் இருந்தால் உங்கள் வீட்டில் என்ன அர்த்தம்?

இரண்டாம் நாள் இந்த விடைகளை அருகருகே வைத்து எங்கே உரசும் என்று பாருங்கள். மூன்றாம் நாள் கீழே வரும் ஒப்பந்தத்தின் முதல் வரைவை எழுதுங்கள். சொன்னது அறையை விட்டு வெளியே போகாது என்று முதலிலேயே உறுதி எடுங்கள். எவரையும் வற்புறுத்தாதீர்கள். நற்பெயருக்கும் தனிமைக்குமான உரிமையைத் திருச்சபைச் சட்டம் 220 காக்கிறது. மனச்சான்றைத் திறந்துகாட்டும்படி உறுப்பினரைத் தூண்டுவதைத் தலைவர்களுக்குச் சட்டம் 630 தடைசெய்கிறது.

இந்த அமர்வில் ஒரு வாக்கியம் கட்டாயம் வரும்: 'கிறிஸ்துவில் நாம் எல்லோரும் ஒன்றுதானே, வேறுபாட்டை ஏன் பெரிதாக்க வேண்டும்?' பண்பாட்டு உணர்வு வளரும் படிகளை 1986-இல் வகுத்த மில்டன் பென்னெட், வேறுபாட்டை மறுப்பது, அதற்கு எதிராகத் தற்காத்துக்கொள்வது ஆகியவற்றுக்கு அடுத்த மூன்றாம் படியாக வேறுபாட்டைச் சிறிதாக்குவதை வைத்தார். ஏற்பதும் தகவமைவதும் ஒருங்கிணைவதும் அதற்கு அப்பால்தான். துறவியர் இந்த மூன்றாம் படியில் சிக்கிக்கொள்வது அதிகம், ஏனென்றால் அது பக்தியாக ஒலிக்கிறது. அந்த வாக்கியத்தைச் சொல்பவர் யார் என்று கவனியுங்கள். பெரும்பாலும் அவர்தான் வீட்டுக்காரர்.

எழுத வேண்டிய ஒப்பந்தம்

இரண்டு பக்கம் போதும். மூன்று மாதம் கழித்து ஒருமுறை, பிறகு ஆண்டுக்கு ஒருமுறை திருத்த வேண்டும். ஆள் மாறினால் ஒப்பந்தத்தைப் புதிதாக எழுத வேண்டும். பழையதை வாசித்துக்காட்டி ஒப்பம் வாங்குவது மறுபடியும் வந்தவரை விருந்தாளியாக்கும்.

நேரம்: ஆறு மணி செபம் என்றால் ஆறு மணிக்குத் தொடங்குமா, ஆறுக்கு ஆள் வரத் தொடங்குமா? எவற்றுக்குக் கடிகாரம் கறார், எவற்றுக்கு நெகிழ்வு என்று தனித்தனியாக எழுதுங்கள். வழியில் சந்தித்தவரோடு நின்று பேசியதால் தாமதமானவர், தம் மனத்தில் அன்புக் கட்டளையை நிறைவேற்றியிருக்கிறார். காத்திருந்தவருக்கோ அது அவமதிப்பு. இருவரும் நல்லவர்கள்.

மேசை: சமையல், பட்டியல், வாங்குவது மூன்றும் சுழற்சியில் வரட்டும். சமைப்பது எப்போதும் ஒரே நாட்டவர் என்றால் உடனே நிறுத்துங்கள். வாரத்தில் எத்தனை வேளை யாருடைய சுவை என்று எண்ணிப் பாருங்கள். அற்பமாகத் தோன்றினாலும், கைம்பெண்கள் விஷயத்தில் திருத்தூதர்கள் அதை அற்பமாக எண்ணவில்லை.

பணம்தான் மிகவும் ஆழமானது. மிகக் குறைவாகப் பேசப்படுவதும் அதுவே. சில பண்பாடுகளில் துறவியான பின்னும் தம்பி தங்கையின் படிப்பு, பெற்றோரின் மருத்துவச் செலவு, அடக்கச் செலவு ஆகியவை பிள்ளையின் கடமை. அதைச் செய்யாதவர் ஊரில் தலைகாட்ட முடியாது. வேறு சில இடங்களில் அரசின் ஓய்வூதியமும் காப்பீடும் பெற்றோரைத் தாங்குவதால், குடும்பத்துக்குப் பணம் கேட்பது ஏழ்மை வார்த்தைப்பாட்டுக்கு எதிரானதாகத் தெரியும். விதி எழுதாமல் விட்டால் முன்னவர் மறைவாகச் செய்வார், பிறகு பிடிபடுவார், 'நேர்மையற்றவர்' என்ற பெயர் அவருடைய நாட்டுக்கே ஒட்டும். ஆகவே மாநில அளவில் எழுத்தில் வகுத்துவிடுங்கள்: எந்தத் தேவைகளுக்கு உதவி உண்டு, ஆண்டுக்கு எவ்வளவு வரை, யாரிடம் கேட்பது. வெவ்வேறு பண்பாட்டைச் சேர்ந்த மூவர் அதை முடிவு செய்யட்டும். கேட்பவர் ஒரே ஒரு தலைவரின் முகம் பார்த்து நிற்க வேண்டியதில்லை.

மறுபக்கமும் உண்டு. வசதியான நாட்டிலிருந்து வந்தவருக்கு அங்கே நண்பர்கள் பணம் அனுப்புவார்கள். அந்தப் பணத்தோடு அதிகாரமும் வருகிறது: வாகனம் அவரால் வந்தது, கட்டடம் அவரால் எழுந்தது என்று ஆகி, அவர் சொல்லை மறுக்க ஆளில்லாமல் போகும். துறவி தம் உழைப்பாலோ சபையின் பெயராலோ பெறுவது சபைக்கே உரியது என்கிறது சட்டம் 668. எல்லா நன்கொடையும் பொதுக்கணக்கில் சேரட்டும். எதற்குச் செலவிடுவது என்பதை இல்லக் கூட்டம் தீர்மானிக்கட்டும். வரவுசெலவு மாதம் ஒருமுறை எல்லோர் முன்னும் வாசிக்கப்படட்டும். பொருளாளர் பதவி மூன்று ஆண்டுக்கு ஒருமுறை வேறு பண்பாட்டாருக்குப் போகட்டும்.

விருந்தினர், ஓசை, அறைக்குள் நுழையுமுன் கதவைத் தட்டுவது, பொருளை இரவல் எடுப்பது ஆகியவற்றை ஓரிரு வரியில் முடிக்கலாம். நோயையும் இறப்பையும் அப்படி முடிக்க முடியாது. தொலைவில் தாயோ தந்தையோ இறந்தால் பயணம் உண்டா, எத்தனை நாள், போக முடியாவிட்டால் இல்லத்தில் என்ன செய்வோம் என்பதை யாருக்கும் இறப்பு நேராத ஒரு நாளில் எழுதிவையுங்கள். துயரச் செய்தி வந்த இரவில் விதி தேடுவது கொடுமை.

கூட்டத்தில் மௌனம்

இரு வாரத்துக்கு ஒருமுறை, ஒன்றரை மணி நேரம். பேசவேண்டிய பொருள் இரண்டு நாளுக்கு முன்பே எழுத்தில் கைக்கு வர வேண்டும். இரண்டாம் மொழியில் சிந்திப்பவருக்கு ஆயத்த நேரம் இல்லாவிட்டால் அவர் பேசவே மாட்டார். கூட்டத்தை நடத்துபவர் ஒவ்வொரு முறையும் மாறட்டும். வட்டமாகச் சுற்றி ஒவ்வொருவராகப் பேசுங்கள். எல்லோரும் ஒருமுறை பேசும்வரை எவரும் இரண்டாம் முறை பேசலாகாது. 'இப்போது சொல்ல ஒன்றுமில்லை' என்று கடந்துபோகும் உரிமையும் உண்டு, ஆனால் சுற்று முடிவில் அவரிடம் திரும்பி வர வேண்டும். வயதில் இளையவர், அல்லது கடைசியாக வந்தவர் முதலில் பேசட்டும். ஆண்டவர் பல நேரங்களில் இளையவருக்கே நல்லதை வெளிப்படுத்துகிறார் என்பதால் எல்லோரையும் ஆலோசனைக்கு அழைக்கச் சொல்கிறது துறவு மடங்களுக்கான புனித பெனடிக்டின் ஒழுங்குநூல், 3-ஆம் அதிகாரத்தில். மூத்தவர் பேசியபின் இளையவர் மறுத்துப் பேசவே முடியாத பண்பாடுகள் உண்டு. இந்த வரிசைமுறை அவர்களுக்கு வாய் தரும்.

மௌனம் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது பெருந்தவறு. சில இடங்களில் 'ஆம்' என்றால் 'கேட்டுக்கொண்டேன்' என்றுதான் பொருள். 'பார்க்கலாம்' என்பது மறுப்பின் நாகரிக வடிவம். நேராகப் பேசிப் பழகியவர் இதைப் பொய் என்பார். சுற்றிப் பேசிப் பழகியவருக்கு அவர் முரடராகத் தெரிவார். ஆகவே முக்கியமான முடிவை முதல் கூட்டத்தில் எடுக்காதீர்கள். அன்று கருத்து மட்டும். ஒரு வாரம் கழித்து முடிவு. இடையில் தலைவர் ஒவ்வொருவரையும் தனியே சந்தித்துக் கேட்கட்டும். அவையில் வராத சொல் நடைபாதையில் வரும்.

உரசல் வரும்போது

வரும். இரண்டு ஆண்டாக ஒரு சண்டையும் இல்லையென்றால் யாரோ பேசுவதை நிறுத்திவிட்டார் என்று ஐயப்படுங்கள்.

நடந்ததை, அதற்கு நான் கொடுத்த பொருளை, என் தீர்ப்பை மூன்றாகப் பிரித்து எழுதுவது முதல் வேலை. 'அவர் நான் பேசும்போது என் கண்ணைப் பார்க்கவில்லை' என்பது நடந்தது. 'எதையோ மறைக்கிறார்' என்பது நான் கொடுத்த பொருள். 'நம்பத் தகாதவர்' என்பது தீர்ப்பு. அவருடைய வீட்டில் பெரியவரின் கண்ணைப் பார்க்காமல் இருப்பதே மரியாதையாக இருக்கலாம். இரண்டு நாள் ஆறவிட்டுப் பேசுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் விடாதீர்கள்.

'நீயும் அவரும் தனித்திருக்கும்போது அவரது குற்றத்தை எடுத்துக்காட்டு' என்ற மத்தேயு 18-ஐக் காட்டி எல்லோரையும் நேருக்கு நேர் உட்காரவைப்பது சிலரை உடைத்துவிடும். நடுவர் வழியாகப் பேசுவதே மாண்பைக் காக்கும் வழி என்று வளர்ந்தவருக்கு, இருவரும் ஏற்கும் ஒருவரை முதலிலேயே இடையில் வையுங்கள். மன்னிப்பும் அப்படியே: ஒருவர் சொல்லால் கேட்பார், இன்னொருவர் ஒரு வேலையைச் செய்துகொடுத்துக் கேட்பார். மன்னிப்பே கேட்கவில்லை என்று புகார் வந்தால், வேறு மொழியில் கேட்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

அதே வேளை எல்லாவற்றையும் பண்பாட்டின் தலையில் கட்டாதீர்கள். சோம்பல் சோம்பல்தான், முன்கோபம் முன்கோபம்தான். அவருடைய நாட்டைச் சேர்ந்த வேறொருவரிடம், பெயர் சொல்லாமல், 'உங்கள் ஊரில் இது இயல்பா?' என்று கேட்டாலே பாதி தெளியும். வன்முறை, குடி அடிமைத்தனம், பணக் கையாடல், வார்த்தைப்பாட்டை மீறும் உறவு, சிறாருக்கோ எளிதில் பாதிக்கப்படக்கூடியவருக்கோ தீங்கு ஆகியவற்றுக்கு 'எங்கள் பண்பாடு அப்படி' என்ற பதில் செல்லாது. துறவியருக்கும் குருக்களுக்கும் பாலியல் கொடுமையைப் புகாரளிக்கும் கடமையைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2019-இல் வெளியிட்ட சட்டம் விதித்திருக்கிறது. அந்தக் கடமைக்கு நாட்டு எல்லை இல்லை. ஒப்பந்தத்தின் முதல் பக்கத்திலேயே இதை எழுதுங்கள்.

செபம்

வாரம் ஒருநாள் திருப்புகழ்மாலையின் ஒரு பகுதியை வேறொருவரின் மொழியில், ஒலிபெயர்ப்போடு அச்சிட்டுச் சொல்லுங்கள். மன்றாட்டுகளைத் தாய்மொழியில் சொல்ல எப்போதும் இடம் கொடுங்கள். துயரமும் நன்றியும் இரண்டாம் மொழியில் அரைகுறையாகத்தான் வரும். ஒப்புரவு அருளடையாளத்துக்கும் (பாவ அறிக்கை) ஆன்ம வழிகாட்டலுக்கும் தம் மொழி பேசும் ஒருவரை அணுகும் வாய்ப்பை இல்லமே தேடித் தரட்டும். சபை விழாவில் தேசிய உடையணிந்து ஆடிப்பாடி, மறுநாள் எல்லாம் பழையபடி நடந்தால் அது பண்பாடுகளின் ஊடாட்டமாகாது.

தலைவர் பார்க்க வேண்டியவை

சட்டம் 628-இன்படி மாநிலத் தலைவர் இல்லத்தைப் பார்வையிட வரும்போது 'எப்படி இருக்கிறீர்கள்?' என்று கேட்டால் 'நன்றாக இருக்கிறோம்' என்பதே பதில். மாறாக இப்படிக் கேட்கட்டும்: கடந்த ஆண்டு உங்கள் கருத்தால் இந்த இல்லத்தில் மாறிய ஒன்றைச் சொல்லுங்கள். அடுத்தவரிடமிருந்து நீங்கள் கற்று, இப்போது உங்கள் வழக்கமாகிவிட்ட ஒன்று எது? கடைசியாக எப்போது வாய்விட்டுச் சிரித்தீர்கள், யாரோடு? முதல் கேள்விக்கு ஒருவர் பதிலின்றி நின்றால், அவர் இன்னும் விருந்தாளிதான்.

எச்சரிக்கை அறிகுறிகள் சிறியவை. ஒரே நாட்டவருக்கு மட்டுமான வாட்ஸ்அப் குழு இல்லத்தின் முடிவுகளை முன்கூட்டியே பேசுவது. ஒருவர் ஒவ்வொரு வார இறுதியும் தம் நாட்டவர் இல்லத்துக்குப் போய்விடுவது. ஒருவரை மட்டும் குறிவைக்கும் கேலி. தட்டோடு அறைக்குப் போய் உண்பது. இவற்றில் இரண்டு தெரிந்தாலே வெளியாளை அழையுங்கள்.

மாநில அளவில் ஒரு பயிற்சியைச் செய்தே ஆக வேண்டும். கடந்த பத்து ஆண்டுகளின் நியமனப் பட்டியலை எடுத்து வையுங்கள். யார் தலைவரானார், யார் பயிற்சியாளரானார், யாரிடம் கணக்கு இருந்தது, யார் உயர்படிப்புக்கு அனுப்பப்பட்டார், யார் வயதானவரைப் பராமரிக்கவும் சமையலுக்கும் போனார்? பெயருக்குப் பக்கத்தில் நாட்டையும் இனத்தையும் எழுதுங்கள். பட்டியலைப் பார்த்தவுடன் அறையில் அமைதி நிலவும். அடுத்த மூன்று ஆண்டுக்கான நியமனங்களை அதே அமர்வில் பேசுங்கள். ஒத்திவைத்தால் அந்தத் தாள் அலமாரிக்குள் போய்விடும்.

விடைபெறும்போது

ஒருவர் மாற்றலாகிப் போகும் முன் அவரிடம் இரண்டு மணி நேரம் கேளுங்கள்: இங்கே எது உங்களை வளர்த்தது, எது காயப்படுத்தியது, நாங்கள் காணாத எதை நீங்கள் கண்டீர்கள்? வெளியிலிருந்து வந்து தங்கும் துறவி அன்போடும் பணிவோடும் நியாயமான குறை சொன்னால், அதற்காகவே ஆண்டவர் அவரை அனுப்பியிருக்கலாம், மடத்தின் அதிபர் அதை எண்ணிப்பார்க்கட்டும் என்கிறது பெனடிக்டின் நூல், 61-ஆம் அதிகாரத்தில். அவர் சொன்னதை அரைப்பக்கம் எழுதி, அவரிடமே வாசித்துக்காட்டிச் சரிபார்த்து, ஒப்பந்தத்தோடு சேர்த்து வையுங்கள். அடுத்து வருபவருக்கான முதல் கடிதத்தை எழுத உட்காரும்போது அந்த அரைப்பக்கம் மேசைமேல் இருக்க வேண்டும்.